உச்சி முகர்தல்

மகள் மேடையிலிருந்து இறங்கி ஓடிவருவதைப் பார்த்ததும் அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள்.

பள்ளி ஆண்டு விழா. மகளின் கையில் பரிசுக் கோப்பை. தலை நிறைய மல்லிகை, முகத்தில் பவுடர், ஆடி முடித்த வியர்வை.

"அம்மா!"

இனியா வந்த வேகத்தில் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பக்கத்து நாற்காலிக்காரி கை தட்டினாள். யாரோ செல்போனில் படம் பிடித்தார்கள்.

அடக்கிய மூச்சு தீர்ந்துபோனது.

இழுத்தாள்.

சாக்கடை.

மகளைப் பிடித்துத் தள்ளினாள். புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குமட்டினாள். கோப்பை விழுந்து நாற்காலிகளுக்கு அடியில் உருண்டது.

இனியா அழவில்லை. சுற்றி இருந்தவர்களைப் பார்த்தாள். பிறகு குனிந்து தன் தோளை முகர்ந்து பார்த்தாள்.

கொரோனா வந்துபோய் மூன்று வருடம் ஆகிறது. முதலில் அவளுக்கு எதுவுமே மணக்கவில்லை. பல மாதம் கழித்து வாசனைகள் திரும்பின.

தப்பாகத் திரும்பின.

காபி, எரிகிற டயர். வெங்காயம் வதங்கினால் செத்த எலி. சமையல் கணவன் கைக்குப் போனது. வேலை பார்க்கும் துணிக்கடையில் மற்றப் பெண்கள் டிபன் பாக்ஸைத் திறந்தால் இவள் மாடிப்படியில் போய் நின்றுகொள்வாள். உடம்பு பாதியாகிவிட்டது.

நரம்பு சரியாக நாளாகும் என்றார் டாக்டர். எத்தனை நாள் என்று அவருக்கும் தெரியவில்லை.

"எல்லாருக்குந்தான் கொரோனா வந்துச்சு. எல்லாரும் எந்திரிச்சு அவங்கவங்க பொழப்பப் பாக்கப் போயிட்டாங்க. நீ மட்டும் இன்னும் அதையே சொல்லிக்கிட்டு இருக்கே," என்றாள் நாத்தனார்.

அதற்குப் பிறகு அவள் யாரிடமும் எதையும் சொல்வதில்லை. ஒன்றை மட்டும் கணவனிடம்கூடச் சொன்னதில்லை.

பெற்ற மகளின் தலையும் நாறியது.

எந்தத் தாய் சொல்வாள்?

தலை பின்னிவிடும்போது ஜன்னலைத் திறந்துவைத்தாள். படுக்கையில் மகளுக்கு முதுகைக் காட்டிப் படுத்தாள். குழந்தைக்கு எதுவும் தெரியாது என்று நினைத்திருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் இனியா குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தண்ணீர் விழும் சத்தம் நிற்கவே இல்லை.

அவள் கதவைத் தள்ளினாள்.

ஷாம்பு பாட்டில் காலியாகக் கிடந்தது. பாத்திரம் தேய்க்கும் நாரால் மகள் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். முழங்கையிலிருந்து தோள்வரை சிவந்திருந்தது. ஓரிடத்தில் தோல் உரிந்திருந்தது.

"கிட்ட வராதேம்மா. இன்னும் போகல."

நாரைப் பிடுங்கி எறிந்தாள். ஈரத்தரையில் அப்படியே உட்கார்ந்தாள்.

"உம்மேல ஒண்ணும் இல்ல கண்ணு. அம்மாவுக்குத்தான் மூக்கு கெட்டுப்போச்சு. அந்தக் காய்ச்சல்ல கெட்டது. பூவும் நாறுது, சோறும் நாறுது. தப்பு உங்கிட்ட இல்ல."

மகள் யோசித்தாள். முடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"கெட்டுப்போறதுக்கு முன்னாடி நான் எப்படிம்மா மணந்தேன்?"

அவள் மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். உச்சியில் மூக்கை வைத்தாள். அதே சாக்கடை. விடவில்லை.

பிறந்த அன்று கையில் வாங்கியதும் முகர்ந்தது இதே உச்சியைத்தான். தேடினாள். சுற்றித் தந்த பச்சைத் துணி நினைவில் இருந்தது. இறுக மூடிய கண்கள் இருந்தன. அழுகைச் சத்தம்கூட இருந்தது.

வாசம் மட்டும் இல்லை.

"சொல்லும்மா."

"பால் மாதிரி," என்றாள்.

எப்போதோ யாரோ ஒருத்தி தன் பிள்ளையைப் பற்றிச் சொல்லக் கேட்டது.

மகள் நம்பினாள். தலையை அவள் முகத்தோடு இன்னும் அழுத்திக்கொண்டாள்.