கிரிகரி வீட்டுப் பலகை

பழுக்கக் காய்ச்சிய கம்பியால் மரத்தில் சித்திரம் சுடும் நாகையாவின் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பட்டறைக்கு, ரயில்வே ஆபீஸ் குமாஸ்தாக்களுக்குத் தலைவரான பெரிய கிராணி கிரிகரி ஒரு தேக்குப் பலகையோடு வந்தார்.

“ஓரம் பூரா லீலிப்பூ சுடணும், நாகையா.”

கிரிகரிக்குப் பேரன் பிறந்த சேதி ஊரறிந்தது. நாகையா முகம் மலர்ந்தான்.

“பேரனோட தொட்டிலுக்கா, ஐயா? நடுவுல பெரிய சிலுவையாப் போட்டுடறேன்.”

“சிலுவை வேண்டாம்.”

“உங்க வீட்டுப் பலகையில சிலுவை இல்லாமயா? சர்ச் சாமியாரு சும்மா விடுவாரா லா?”

“அவருதான் கூடாதுன்னாரு. பேரும் போடாதே.”

“இன்னும் ஞானஸ்நானம் ஆகலையா?”

“பினாங்குல டாக்டரா இருக்கிற என் தம்பி வந்துதான் ஞானத்தகப்பனா நிக்கணும்னேன். மக உடனே குடுத்துடலாம்னா. கண்டவன் கையிலயா கிரிகரி பேரனைக் குடுக்கிறதுன்னு அவ வாயை அடைச்சேன்.”

“நியாயந்தானே. தம்பி எப்ப வராரு?”

“இன்னைக்குக் காலையில வந்துட்டான்.”

“அப்புறமென்ன, ஐயா?”

கிரிகரியின் முதுகு வளையவில்லை, குரல்தான் உடைந்தது.

“பிள்ளை நேத்தே தூக்கத்துல போயிட்டான். ஞானஸ்நானம் இல்லாததால கல்லறைத் தோட்டத்துக்குள்ள இடமில்லையாம். வேலிக்கு வெளிய குழி வெட்டுறாங்க. அடையாளத்துக்கு இதையாவது நடணும்.”

நாகையாவின் கையில் கம்பி ஆறிப்போனது. அதை மறுபடி நெருப்பில் வைத்தான்.

“கிரிகரி பேரன்னு மட்டுமாவது சுடட்டுமா, ஐயா?”

“அந்தப் பேரு வேண்டாம்பா. அதைக் காப்பாத்தப் போய்த்தான் பிள்ளையை வெளிய படுக்க வைக்கிறேன்.”