திங்கட்கிழமை மறதி

திங்கட்கிழமை விடிந்தால் சென்னப்பனுக்குப் பாஸ்வேர்டு மறந்துவிடும். பிரதோஷம் தப்பினாலும் இது தப்பாது.

ஓசூர் கம்பெனி ஒன்றில் அவர் தர ஆய்வாளர். பாகலூர்க்காரர், தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் தடங்கலின்றித் திட்டுவார். அப்பேர்ப்பட்ட ஞாபகத்தில் எட்டே எட்டு எழுத்து நிற்கவில்லையே என்று கம்ப்யூட்டர் பிரிவு சுபாஷுக்கு எரிச்சல்.

"என்னண்ணா, மறுபடியும் லாக்கா?"

"நான் என்னா பண்ணட்டும்? தொறக்கமாட்டேங்குது."

கம்பெனி ஆட்களின் கம்ப்யூட்டர் கணக்கெல்லாம் இப்போது கிளவுடில். பூட்டிக்கொண்டால் திறக்கும் சாவி பெங்களூர் ஹெல்ப் டெஸ்க்கிடம். சுபாஷ் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான்.

"சென்னப்பன் சாருங்களா?" வாராவாரம் எடுக்கும் அதே பெண்குரல். "ரகசியக் கேள்வி. உங்க மகள் பேரு என்ன சார்?"

சென்னப்பன் தொண்டையைச் செருமினார். "ஜெயப்ரியா."

"சரியான பதில் சார். திறந்துட்டேன்." போன் வைக்கப்படவில்லை. "சாப்ட்டீங்களா சார்?"

"அதுவும் ரகசியக் கேள்வியா?" சட்டென்று பட்டனை அமுக்கி அணைத்துவிட்டார்.

சுபாஷ் சிரித்தான். "மக பேரைச் சொல்லக்கூட இவ்ளோ யோசனையாண்ணா?"

"அந்தப் பேர வீட்ல யாரும் எடுக்கக்கூடாதுன்னு சொல்லி வெச்சிருக்கேன். எங்களைக் கேக்காம கட்டிக்கினு போயிட்டா. இந்த மெஷினுக்கு மட்டும் சொல்ல வேண்டியிருக்குது."

அன்று மாலை மேனேஜர் மூர்த்தி சுபாஷைக் கூப்பிட்டார்.

"அந்தச் சென்னப்பன் கணக்கு விவரத்தை எடுத்து ரிப்போர்ட் குடு. வாராவாரம் தப்பா அடிச்சுப் பூட்டிக்கிறவருக்குப் பிரமோஷன் ஒரு கேடா? மெமோ குடுத்து நிறுத்திடறேன்."

சுபாஷ் விவரத்தை வரவழைத்தான். தவறான பாஸ்வேர்டு அடித்ததாக ஒரு பதிவுகூட இல்லை. ஒவ்வொரு திங்களும் பெங்களூரிலிருந்து யாரோ கணக்கைப் பூட்டியிருந்தார்கள். 'பூட்டியவர்' என்ற இடத்தில் இருந்த பெயர்: ஜெயப்ரியா சென்னப்பன்.

கல்யாணமாகியும் அப்பா பெயரைக் கழற்றவில்லை.

சுபாஷ் ஓடினான். "அண்ணா, தப்பு உங்க மேல இல்ல. ஆனா இதை எழுதினா ஹெல்ப் டெஸ்க் பொண்ணுக்கு வேலை போயிடும். அது யாருன்னு..."

சென்னப்பன் ஆய்வுக்காகக் கையில் வைத்திருந்த இயந்திர பாகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தர ஆய்வெல்லாம் எப்போதோ முடிந்திருந்தது.

"பெத்தவனுக்குக் கொரல் தெரியாதா? என் மறதின்னே எழுதிடு, தம்பி."

"பிரமோஷன் போயிடும்ணா."

"வயசானா மறதி வர்றதுதான். எழுது."

எழுதினான். அதோடு பெங்களூருக்குப் போன் செய்து, "இனிமே பூட்டாதம்மா, மாட்டிக்குவே" என்று சொல்லியும் வைத்தான்.

அடுத்த திங்கட்கிழமை. சென்னப்பனின் கணக்கு முதல் தடவையிலேயே திறந்துகொண்டது.

அவர் திரையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். தள்ளி நின்ற சுபாஷ், சந்தோஷப்படுவார் என்று காத்திருந்தான்.

சென்னப்பன் கணக்கை விட்டு வெளியே வந்தார். தப்பான பாஸ்வேர்டை நிதானமாக அடித்தார். மறுபடியும் அடித்தார். பூட்டிக்கொள்ளும்வரை அடித்தார். பிறகு தாமே போனை எடுத்தார்.

"சென்னப்பன் சாருங்களா?" அந்தக் குரல் தடுமாறியது. "நான் இன்னைக்குப் பூட்டவே... ரகசியக் கேள்வி. உங்க மகள்..."

"கேள்வி கெடக்கட்டும்" என்றார் சென்னப்பன். "ஜெயப்ரியா, நீ சாப்ட்டியா?"