இல்லாத இருட்டுக்கு ஒரு வரி

ஓர் இலவச மென்பொருளின் கையேட்டைப் பூங்கோதை சம்பளமில்லாமல் பராமரித்துவந்தாள். யாருமே படிப்பதில்லை என்ற சலிப்பில், இந்தப் பதிப்போடு விட்டுவிடுவதாகக் கணவனிடம் சொல்லியிருந்தாள். புதிய பதிப்பை நிறுவும்போது திரை இருள்வதில்லை. அதனால், 'திரை இருண்டுபோகும், பயப்படாதீர்கள், தானாக வெளிச்சம் வரும்' என்ற பழைய வரியை நீக்கினாள். மறுநாளே முகம் தெரியாத ஒருவர் எழுதியிருந்தார்: "அந்த வரியைத் திரும்பப் போட முடியுமா? ஆஸ்பத்திரியில் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து அதைத்தான் தினமும் படிக்கிறேன். நன்றி."

கணவன் எட்டிப் பார்த்தான். "இல்லாத இருட்டுக்கு எதுக்கும்மா ஆறுதல்? தப்புன்னு திட்டப்போறாங்க."

"திட்டட்டுங்க."

'நான்தான் உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்' என்று பதில் எழுதிவிட்டு, அந்த வரியைப் பக்கத்தின் கடைசியில் தனியாக வைத்தாள். பிறகு அடுத்த பதிப்புக்கான பக்கத்தைத் திறந்தாள்.

"இதோட விடப்போறேன்னியே?"

"யாரு சொன்னா?" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.