அணில் பேசாமல் நிற்கும் நேரம்

திரையில் அணில் ஆற்றங்கரைக்கு வந்து நின்றது. பாலத்தில் சில பலகைகளைக் காணோம். எத்தனை பலகை வேண்டும் என்று பிள்ளைகளைப் பார்த்துக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டது.

அதற்குப் பிறகு அது பேசாமல் நிற்கிற நேரத்துக்காகத்தான் எடிட்டர் பல நாளாகச் சேனல் அதிகாரியுடன் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

நன்றாக ஒரு கொட்டாவி விட்டு முடிக்கிற நேரம். வீட்டில் உட்கார்ந்து பார்க்கிற குழந்தை பதில் சொல்வதற்காக வைத்தது. இவ்வளவு எதற்கு, பாதியாக வெட்டுங்கள் என்பது அதிகாரியின் கட்சி. இருவருமே பிடித்த பிடியை விடவில்லை.

கடைசியில், ஸ்டுடியோக்காரர்களின் பிள்ளைகளையே உட்கார வைத்துப் போட்டுப் பார்ப்பது, அவர்கள் நெளிந்தால் வெட்டிவிடுவது என்று முடிவாயிற்று.

அணில் கேட்டு முடிப்பதற்குள் முன்வரிசை வாண்டுகள் "நாலு!" என்று கூரை அதிரக் கத்தின.

பார்த்தீர்களா என்பதுபோல் அதிகாரி திரும்பிப் பார்த்தார்.

அணில் காதைச் சொறிந்தது. கண்ணைக் கொட்டியது. ஒரு பயல் பக்கத்திலிருந்தவளின் ரிப்பனை அவிழ்க்க ஆரம்பித்தான். எடிட்டர் மனதுக்குள் அணிலிடம் கெஞ்சினார். பாவி அணிலே, இன்னும் கொஞ்சம் பொறு.

அவர் மடியிலிருந்த மகள் விரலை வாயிலிருந்து எடுத்தாள்.

"அஞ்சு."

சரியாக அந்த நேரம் பார்த்து அணில் துள்ளிக் குதித்து, சபாஷ், சரியாகச் சொல்லிவிட்டாயே என்றது. யார் என்ன சொன்னாலும் அதற்குத் தெரிந்தது அந்த ஒரு பாராட்டுதான்.

அதிகாரிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நாலு பலகைதானே பாப்பா என்று குனிந்து கேட்டார்.

"அணிலே சரின்னு சொல்லிடுச்சு. உங்களுக்குத்தான் எண்ணத் தெரியல," என்றாள் அவள், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

அதிகாரி சுற்றிலும் பார்த்தார். படம் வரைகிற பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். அணிலுக்குக் குரல் கொடுக்கும் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். எடிட்டரோ மகளின் உச்சந்தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தோள் குலுங்க அழுதுகொண்டிருந்தார்.

ஒரு அணிலுக்காகவா இந்தப் பாடு என்று அதிகாரி மிரண்டுபோனார். சரி சரி, வெட்ட வேண்டாம், அப்படியே விட்டுவிடுங்கள் என்றார்.

வீட்டு வாசலைத் தாண்டிவிட்டால் அந்தக் குழந்தை அதுவரை யாரிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை என்பது, அந்த அறையிலிருந்த பெரியவர்களில் அவர் ஒருவருக்குத்தான் தெரியாது.