மூணாம் வகுப்புக் கதவு

"உள்ளே யாரோ இருக்காங்கம்மா. டேனியல் சார் தினம் அவங்களோட பேசறாரு."

பள்ளியைப் பெருக்கும் கங்கையம்மாள் கையில் விளக்குமாற்றோடு ஹெச்.எம். அறை வாசலில் நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"பூட்டின வகுப்புக்குள்ளயா?" என்றாள் ஹெச்.எம். ஜெயலக்ஷ்மி.

"ஆமாம்மா. மூணாம் வகுப்பைப் பூட்டிட்டு, கதவைத் தட்டி, 'உள்ள யாராச்சும் இருக்கீங்களா?'ன்னு கேக்கறாரு. அப்பறம் காதை வெச்சுக் கேட்டுக்கினே நிக்கிறாரு. இனிமே அந்த ரூம் பக்கம் நான் போவமாட்டேன்."

அவரவர் வகுப்பை அவரவரே பூட்டி, சாவியை ஆபீஸ் ஆணியில் மாட்டிவிட்டுப் போவது அந்தப் பள்ளியின் வழக்கம். அதற்கு இப்படியொரு பூஜை எதற்கு?

விஷயம் சின்ன காஞ்சிபுரம் முழுக்கப் பரவிவிட்டது. நாலு பெற்றோர் டி.சி. கேட்டு வந்தாயிற்று. மூணாம் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் கையில் மந்திரித்த கயிறு.

டேனியலை வேலையை விட்டு நிறுத்தும்படி நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதி முடித்திருந்தாள் ஜெயலக்ஷ்மி. கையெழுத்துத்தான் பாக்கி.

நல்ல பையன்தான். ஒரகடத்தில் கார் கம்பெனி வேலையை விட்டு, டீச்சர் ட்ரெயினிங் முடித்து வந்தவன். சேர்ந்த அன்று, "நான் உங்ககிட்ட படிச்சவன் மேடம்" என்று கும்பிட்டான். அவளுக்கு முகம் ஞாபகம் வரவில்லை. எத்தனை பிள்ளைகள், எத்தனை முகங்கள்!

சாயங்காலம் கடிதத்தை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, தானே பார்த்துவிடுவது என்று போனாள்.

பிள்ளைகள் போய்விட்டிருந்தார்கள். பக்கத்துத் தெருத் தறிச் சத்தம்கூட நின்றிருந்தது. டேனியல் பூட்டை இழுத்துப் பார்த்தான். மூன்று முறை தட்டினான்.

"உள்ள யாராச்சும் இருக்கீங்களா?"

காதைக் கதவில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டான். ஒரு நிமிஷம். ரெண்டு நிமிஷம். ஜெயலக்ஷ்மி இரண்டடி முன்னால் வந்தாள்.

"டேனியல்!"

திரும்பினான். கொஞ்சமும் பதறவில்லை. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

"கம்பெனி உத்தியோகத்தை உதறிட்டு வாத்தியாரா வந்தது இதுக்குத்தானா? பூட்டின கதவோட பேசறதுக்கா?"

"ஆமா மேடம். இதுக்குத்தான்."

"குழந்தைகள்லாம் நடுங்கறதுகள். பதில் வேற வர்றதா?"

"சில நாளு வரும் மேடம். 'இருக்கேன், திறங்க'ன்னு."

ஜெயலக்ஷ்மி ஓரடி பின்வாங்கினாள். "யாரு?"

"எட்டு வயசுப் பையன்." டேனியல் பூட்டையே பார்த்தான். "நான்தான் மேடம் அது."

அவள் பூட்டின கதவைப் பார்த்தாள்.

"மூணாவது படிக்கிறப்ப, பங்குனி உத்திரத்துக்கு மத்தியானமே ஸ்கூல் விட்டுட்டாங்க. வெள்ளிக்கிழமை. எனக்குக் காய்ச்சல். கடைசி பெஞ்சுக்குப் பின்னால படுத்துத் தூங்கிட்டேன். முழிச்சுப் பாத்தா கதவு பூட்டிக்கிடக்குது."

"பெருமாளே!"

"கோயில் மைக்குல என்னைத் தேடுனாங்க. 'டேனியல், வயது எட்டு, நீல டவுசர்'னு. எனக்கு நல்லா கேட்டுச்சு. உள்ளருந்து 'இங்க இருக்கேன், இங்க இருக்கேன்'னு கத்துனேன். மேளச் சத்தத்துல யாருக்குக் கேக்கும்? திருவிழாக் கூட்டத்துல தொலைஞ்சிட்டேன்னு எங்கப்பா கோயில் கோயிலா தேடிக்கினு இருந்தாரு. இந்தக் கதவை ஒருத்தரும் தட்டல."

"எவ்ளோ நேரம்?"

"மூணு ராத்திரி மேடம். பானைத் தண்ணியக் குடிச்சிக்கினு இருந்தேன். திங்கக்கிழமை, அப்ப பெருக்கிக்கினு இருந்த வேற ஒரு அம்மா வந்து திறந்துச்சு. வெளிய தெரிஞ்சா டீச்சருக்கு வேலை போயிடும்னு என் காலைப் புடிச்சு அழுதுச்சு. அதனால கூட்டத்துலதான் தொலைஞ்சேன்னு வீட்ல சொல்லிட்டேன். டீச்சருக்கும் தெரியாது. ஊர் சுத்தப் போனியான்னு முட்டி போட வெச்சாங்க."

அவன் சிரித்தான். ஜெயலக்ஷ்மியால் சிரிக்க முடியவில்லை.

"அந்த மூணு நாளும், யாராச்சும் ஒருத்தர் கதவைத் தட்டி ஒரே ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்களான்னுதான் இருந்துச்சு மேடம். கேக்கறதுக்கு ஒரு வாத்தியார் வேணும்ல? அதான் வந்தேன்."

ஜெயலக்ஷ்மி கதவருகே போனாள். பூட்டில் கை வைத்தாள். ஜில்லென்று இருந்தது.

"அந்த... அந்த டீச்சர் யாரு, டேனியல்?"

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். பிறகு, சாவியைத் துடைக்கிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டான்.

"நல்ல டீச்சர் மேடம். காய்ச்சல்னு சொன்னதும் தன்னோட கர்ச்சீப்பை நனைச்சு நெத்தியில போட்டாங்க. அது மட்டும் ஞாபகம் இருக்குது. பேரு மறந்துபோச்சு."

ஜெயலக்ஷ்மி கையிலிருந்த கடிதத்தை நாலாகக் கிழித்தாள்.

ஹெச்.எம். ஆகிறவரை, இருபத்திரண்டு வருஷமும், அந்தப் பள்ளியில் மூணாம் வகுப்பு எடுத்தது அவள் ஒருத்திதான்.