மாப்பிள்ளையின் இடது கால்

1911ஆம் ஆண்டு, பூதலிங்கம் தலைமை தாங்கிய கல்லூரிக் கால்பந்து அணி எட்டு ஆட்டங்களிலும் வென்று இறுதியாட்டத்துக்கு வந்தது. எதிர்க் கல்லூரியின் பலமெல்லாம் தாணுமாலயன் என்ற ஒருவனுடைய ஓட்டம்தான். அவனுக்கும் பூதலிங்கத்தின் தங்கை உலகம்மாளுக்கும் தை மாதம் கல்யாணம் என்று நிச்சயமாகியிருந்தது.

இடைவேளையில் பூதலிங்கத்தின் அணி இரண்டு கோல் பின்தங்கியிருந்தது. பயிற்சி ஆசிரியர் அவனைத் தனியே அழைத்தார். "அவன் ஓடுத வரைக்கும் கோப்பை நமக்கில்லடே," என்றார்.

ஆட்டம் மறுபடி தொடங்கிய ஐந்தாம் நிமிடம், பந்து எங்கோ கிடக்க, பூதலிங்கம் தாணுமாலயனின் இடது முழங்காலுக்குக் கீழே ஓங்கி உதைத்தான். எலும்பு முறிந்தது. நடுவர் பார்க்கவில்லை. மூன்று கோல் போட்டு வென்றார்கள். பூதலிங்கத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போனார்கள்.

எலும்பு வளைந்தே கூடியது. சம்பந்தம் முறிந்துவிட வேண்டுமென்று பூதலிங்கம் சாமியிடம் வேண்டிக்கொண்டான். மாப்பிள்ளை வீட்டார் நாளைக்கூட மாற்றவில்லை.

கல்யாணத்தன்று பந்தல் வாசலில் பெண்ணின் அண்ணன் மாப்பிள்ளைக்குக் கால் கழுவ வேண்டும். தாணுமாலயன் ஊன்றுகோலைத் தோழனிடம் கொடுத்துவிட்டு இடது காலைத் தாம்பாளத்தில் வைத்தான். பூதலிங்கம் செம்பைச் சாய்த்து அந்த வளைந்த காலில் தண்ணீர் ஊற்றினான்.

"மாப்ளே, அன்னைக்கு நான் பந்தைத்தான் உதைச்சேன். நம்புங்க."

தாணுமாலயன் குனிந்து அவன் தோளை மெல்லத் தட்டினான்.

"உங்ககிட்ட நான் ஒண்ணுமே கேக்கலியே மச்சான். எல்லாத்தையும் உங்க தங்கச்சிகிட்ட கேட்டுக்கிடுதேன்."

உள்ளே பெண்கள் குலவையிட்டார்கள். பூதலிங்கம் அடுத்த காலுக்குத் தண்ணீர் ஊற்றினான்.