அண்ணன் குரல்

"சார் இருக்காருங்களா?" என்று வங்கி அம்மா கேட்டதும், போன் மேல் துண்டைப் போட்டுக் குரலைக் கரகரப்பாக மாற்றிக்கொண்டேன்.

"தம்பி வெளியூர் போயிருக்கான். நான் அவன் அண்ணன் பேசறேன். பத்தாம் தேதி நானே வந்து கட்டிடறேம்மா."

தவணையை ஞாபகப்படுத்த மாதாமாதம் போன் வரும், மாதாமாதம் இதே நாடகம்தான். கடன் வாங்கிப் படித்த படிப்புக்கு வேலை கிடைக்கவில்லை. நடிப்புக்கு மட்டும் மாதம் தவறாமல் வாய்ப்பு வந்தது.

ஒரு முறை பேசிவிட்டால் போதும், அந்த மாதம் முழுக்க வங்கி வாயே திறக்காது. ஆளை மிரட்டுகிற குரல்தான் என்று எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன்.

அசல் அண்ணன் வாஷிங் மெஷின் ரிப்பேர் செய்பவர், மகா கஞ்சர். ஸ்கூட்டர் சீட் கிழிந்து பஞ்சு தெரியும். அதில் பிளாஸ்டிக் பையைக் கட்டி உட்கார்ந்து போவார். ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போகிறவர் சம்பாதிப்பதை எல்லாம் எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார் என்று அண்ணியிடமே கேட்டேன். அண்ணி என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்துவிட்டுப் போனார். நானும் வெட்கமில்லாமல் சாப்பிட்டேன்.

ஒரு நாள் அண்ணனே கேட்டார். "பேங்க்ல ஏதும் தொந்தரவு பண்றாங்களாடா?"

"அவங்களே மறந்துட்டாங்க போலிருக்குண்ணே."

"அப்படியா, நல்லது" என்று சொல்லிவிட்டு ஸ்க்ரூ டிரைவரைத் தேடப் போய்விட்டார்.

ஒரு வழியாக எனக்கும் வேலை கிடைத்தது. முதல் சம்பளத்தோடு, கெஞ்ச வேண்டிய வசனங்களை மனப்பாடம் செய்துகொண்டு வங்கிக்குப் போனேன். கடன் பிரிவில் அதே அம்மா. ஜாக்கிரதையாக என் சொந்தக் குரலில், தவணை ரொம்ப நாளாக நிற்கிறது, மொத்தப் பாக்கி எவ்வளவு என்று கேட்டேன்.

அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். "பாக்கியே இல்லையே. ஓ, நீங்கதான் அந்தத் தம்பியா? அண்ணன்தான் மாசாமாசம் வந்து கட்டறாரே."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"முதல் மாசம் மட்டும் வரல. ஜாமீன் கையெழுத்து போட்டவராச்சேன்னு அவர் நம்பருக்கே கூப்பிட்டேன். 'பத்தாம் தேதி கட்டறேன்னு நீங்கதானே சார் போன்ல சொன்னீங்க'ன்னு கேட்டேன். 'நானாம்மா?'ன்னார். அப்புறம், 'ஆமாம்மா, நான்தான் சொன்னேன், மறந்துட்டேன்'னார். அன்னிக்குச் சாயங்காலமே வந்து கட்டிட்டார். அதுக்கப்புறம் பத்தாம் தேதி தவறினதே இல்ல."

மனப்பாடம் செய்த வசனம் ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை.

"இனிமே நானே கட்டிடறேம்மா" என்றேன். அவமானமும் அழுகையும் சேர்ந்து, துண்டு போடாமலே குரல் கரகரத்தது.

அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"அட, உங்களுக்கும் அப்படியே அண்ணன் குரல்!"